பழைய ஐ5 கணினியில் போயிங்க் மெதுவாக ஓடுகிறது: எங்கே கை வைப்பது?

#1 அல்சூர்_ஏரிக்கரை

வணக்கம். வீட்டில் பழைய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது: இன்டெல் கோர் ஐ5-2400 செயலி, எச்61 மதர்போர்டு, ஒரே பட்டையாக 4 ஜிபி டிடிஆர்3 ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மாலையில் மகள் பள்ளி வேலைக்குப் பயன்படுத்தும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் சும்மா கிடப்பதால், வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தை அறிவியல் ஆய்வுக் கணக்குகளுக்குக் கொடுக்கும் போயிங்க் (BOINC) மென்பொருளை நிறுவி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ரொசெட்டா, துடிவிண்மீன்களை (பல்சர்) தேடும் ஐன்ஸ்டீன், புற்றுநோய் ஆய்வுக்கு உதவும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் ஆகிய மூன்று திட்டங்களிலும் இணைத்திருக்கிறேன்.

8 மணி நேரம் என்று காட்டும் ரொசெட்டா பணி முடிவதற்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. வேறு சில பணிகள் கெடு தாண்டிப் போய், செய்த வேலைக்குப் புள்ளியாகக் கிடைக்கும் கிரெடிட்டும் இல்லாமல் வீணாகின்றன. பகலில் அறை சூடாவதால் செயலி நேரத்தை 60 விழுக்காடாகக் கட்டுப்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் விசிறியின் இரைச்சல் குறைந்தபாடில்லை. மூவாயிரம் ரூபாய்க்குள் முடியுமானால் செலவழிக்கத் தயார். புதுக் கணினி வாங்கும் எண்ணம் இல்லை. ஓவர்கிளாக் செய்தால் (செயலியை அதன் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டினால்) பயன் இருக்குமா, அல்லது வேறு எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பழைய_சிலிக்கான்

ஓவர்கிளாக் பற்றிய கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். உங்கள் செயலியின் பெயருக்குப் பின்னால் கே என்ற எழுத்து இல்லை. கடிகார வேகத்தை நிர்ணயிக்கும் அதன் பெருக்கி பூட்டப்பட்டது. எச்61 போர்டும் அதற்கு இடம் தராது. அந்தக் கதவு மூடியிருப்பது நல்லதே, ஏனென்றால் உங்கள் கணினி இழக்கும் வேகம் கடிகார வேகத்தில் இல்லை.

அடுத்தது அந்த 8 மணி நேரம். ரொசெட்டா பணி மற்றத் திட்டங்களின் பணியைப் போன்றது அன்று. அது குறித்த அளவு செயலி நேரம், இயல்பாக 8 மணி, நிறையும் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் புரத மாதிரிகளைக் கட்டிக்கொண்டே இருக்கும். வேகமான செயலி அந்த நேரத்துக்குள் அதிக மாதிரிகளைத் தரும், மெதுவான செயலி குறைவாகத் தரும். எவ்வளவு விலையுயர்ந்த செயலியைப் பொருத்தினாலும் அந்த 8 மணி 4 மணியாகப் போவதில்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, 8 மணிக்கும் 17 மணிக்கும் இடையிலுள்ள 9 மணி நேரம் எங்கே போகிறது என்பதைத்தான்.

போயிங்க் மேலாளரில் ஒரு பணியைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளைத் திறந்தால் செயலி நேரம், கழிந்த நேரம் என இரண்டு எண்கள் தெரியும். ஒழுங்காக இயங்கும் கணினியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி விழுந்தால், செயலி கணக்குப் போடாமல் எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். உங்கள் இடைவெளியில் ஒரு பங்கை இங்கிருந்தே கணக்கிடலாம்: 60 விழுக்காடு என்று வைத்தாலே 8 மணிச் செயலி நேரத்துக்குக் கடிகாரத்தில் 13 மணிக்கு மேல் ஆகிவிடும். மீதி ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரேம் பற்றாக்குறையால் போகிறது என்பது என் ஊகம். நான்கு பணிகளும் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரியும் டிஸ்க்கும் எத்தனை விழுக்காடு காட்டுகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#3 அல்சூர்_ஏரிக்கரை

பார்த்தேன். மெமரி 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. டிஸ்க் பெரும்பாலும் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் பணிகளில் மட்டும் இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி குறைவாக இருக்கிறது. அது ஏன் என்று விளங்கவில்லை.

#4 பழைய_சிலிக்கான்

விளங்கிவிட்டது. ரொசெட்டா பணி ஒன்றே சில வேளைகளில் 1 ஜிபிக்கு மேல் ரேம் கேட்கும். விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது போக உங்களிடம் மிஞ்சுவது இரண்டரை ஜிபி அளவுதான். அதில் நான்கு பணிகளை இறக்கினால், இடம் போதாமல் விண்டோஸ் அவற்றின் நினைவகப் பக்கங்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுவதும் மீண்டும் எடுப்பதுமாக இருக்கும். ரேமுக்கும் சுழலும் டிஸ்க்குக்கும் உள்ள வேக வித்தியாசத்தில் செயலி வாய்பார்த்துக்கொண்டு நிற்கும். கம்யூனிட்டி கிரிட்டில் புற்றுநோய்க் குறியீட்டு மரபணுக்களைத் தேடும் பணிக்குக் குறைந்த ரேமே போதும் என்பதால் அங்கே இடைவெளி சிறியதாகத் தெரிகிறது.

காசு செலவழிப்பதற்கு முன் மூன்று அமைப்புகளை மாற்றிப் பாருங்கள். செயலி நேரத்தை 60 விழுக்காட்டிலிருந்து 100க்கு ஏற்றிவிட்டு, பயன்படுத்தும் செயலிகளின் எண்ணிக்கையை 50 விழுக்காடாகக் குறையுங்கள். அதாவது செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் நான்கு கோர்களில் இரண்டு மட்டும் ஓடும், ஆனால் அவை நிற்காமல் ஓடும். செயலி நேரக் கட்டுப்பாடு என்பது பணிகளைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சிறிது நேரம் நிறுத்தி, மறுபடி ஓடவிடும் ஏற்பாடு. சூடு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால் விசிறியும் அதற்கேற்ப உயர்ந்து தாழ்ந்து இரைகிறது. உங்கள் காதுக்குக் கேட்பது அதுவாகவே இருக்கலாம். இரண்டாவதாக, நிறுத்தி வைத்த பணிகளை நினைவகத்திலேயே விட்டுவைக்கும் அமைப்பு. ரேம் கூடும் வரை அதை அணைத்தே வையுங்கள், பிறகு இயக்குங்கள். மூன்றாவதாக, ரொசெட்டாவில் ஒரே நேரத்தில் ஒரு பணிக்கு மேல் ஓடக்கூடாது என்று கட்டுப்படுத்துங்கள். இதற்கு ஆப் கான்ஃபிக் என்ற சிறிய கோப்பை அந்தத் திட்டத்தின் அடைவில் வைத்து, அதிலே திட்டத்தின் உச்ச எண்ணிக்கையை 1 என்று எழுதினால் போதும்.

பலருக்கும் இது தலைகீழாகத் தோன்றும்: பாதி கோர்களை அணைத்துவிட்டு வேகம் கூடும் என்பதா? பழைய கணினியைப் பொறுத்தவரை ஆம். நான்கு கோர்களுக்கும் சேர்த்து ஒரே ரேம் பட்டைதான் இருக்கிறது. ஒரே தெருக்குழாயின் கீழ் நான்கு குடங்களை நெருக்கி வைத்துவிட்டு, நான்கும் சீக்கிரம் நிறையவில்லையே என்று கேட்பதைப் போன்றது அது.

#5 எஸ்பி_ரோடு_வாடிக்கை

சிலிக்கான் ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் 4 ஜிபியோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எச்61 போர்டில் பொதுவாக இரண்டு ரேம் இடங்கள் உண்டு. உங்களிடம் ஒன்று காலியாக இருக்கும். பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழைய டிடிஆர்3 பட்டைகள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. உங்கள் பட்டையைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய், அதே 4 ஜிபி, அதே 1333 வேகம், முடிந்தால் அதே நிறுவனத்தின் பட்டையாகவே கேட்டு வாங்குங்கள். உங்கள் வரம்புக்குள் வெகு எளிதில் அடங்கிவிடும். கடையிலேயே ஒரு கணினியில் போட்டு இயக்கிக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். அங்கே அது வழக்கம்தான். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். கோளாறுள்ள ரேம் கணினியை நிறுத்தாமலும் போகலாம். அப்போது தவறான விடையை அனுப்பும், அது மற்றவர் விடையோடு பொருந்தாமல் நிராகரிக்கப்படும்.

இரண்டாவது பட்டையின் பயன் கொள்ளளவோடு முடிவதில்லை. ஒரே பட்டை இருந்தால் நினைவகம் ஒற்றைத் தடத்தில் இயங்குகிறது. இணையான இரண்டு பட்டைகள் இருந்தால் இரட்டைத் தடமாக மாறி, ரேமுக்கும் செயலிக்கும் இடையே தரவு செல்லும் கொள்திறன் கோட்பாட்டளவில் இரு மடங்காகிறது. ஆகவே 8 ஜிபியை ஒரே பட்டையாக வாங்குவதைவிட இரண்டு 4 ஜிபி மேலானது.

வெப்பத்துக்கு வருகிறேன். அந்த வயதுடைய கணினியில் செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் துடுப்புகளுக்கும் விசிறிக்கும் இடையே தூசி படர்ந்து கம்பளி போல் ஒட்டியிருக்கும்; ஹீட்சிங்க்குக்கும் செயலிக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொடியாகியிருக்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரமாக வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். விசிறியைக் கழற்றித் தூரிகையால் துடைத்து, பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நீக்கி, புதிய பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வையுங்கள். இன்டெல்லோடு வரும் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் போர்டின் மறுபக்கம் வரை இறங்கிப் பூட்டினவா என்று பார்க்காமல் மூடிவிடாதீர்கள்; ஒரு மூலை தூக்கியிருந்தாலே போதும், கோர்களில் ஒன்றிரண்டு மட்டும் கொதிக்கும். செயலியின் வெப்பம் 100 டிகிரியை நெருங்கும்போது அது தன் கடிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், சுத்தம் செய்வதும் வேகத்தைக் கூட்டும் வழிதான்.

அப்புறமும் சூடு உறுத்தினால், விண்டோஸ் மின்சார அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக வையுங்கள். செயலி தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும். உங்கள் செயலியின் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ உச்சம் 3.4, இழப்பு சிறிது, தணியும் வெப்பமோ அதைவிடப் பெரிது.

#6 கோரமங்களா_கணக்கர்

எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மின்கட்டணத்தை யாரும் எடுக்கவில்லை என்பதால் நான் எடுக்கிறேன். முழுச் சுமையில் இந்தக் கணினி 100 வாட் இழுக்கும் எனக் கொள்வோம். நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 ரூபாய் என்று வைத்தால் 430 ரூபாய்ச் சொச்சம்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கேள்வி கேட்டவர் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பதிந்திருந்தால், 2022-23ஆம் ஆண்டின் மாதச் சராசரியோடு 10 விழுக்காடு சேர்த்த அளவுதான் அவருக்கு இலவசம். அதற்கு மேல் போகும் யூனிட்டுக்குக் கட்ட வேண்டும், மாத மொத்தம் 200ஐத் தாண்டினால் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். சராசரி 120 யூனிட் உள்ள வீட்டுக்கு 132 வரை இலவசம். 72 சேர்ந்தால் 192 ஆகி, 60 யூனிட்டுக்குப் பணம் போகும். சராசரி 140 உள்ள வீட்டிலோ 212 ஆகி, அதுவரை வராத பில் முழுமையாக வந்து நிற்கும். ஒரு பழைய பெட்டியை ஓட்டுவதற்கு இது அதிக விலை அல்லவா? அந்தப் பணத்தை ஆய்வு நிறுவனத்துக்கு நேரடியாகவே கொடுத்துவிடலாம். 2011இல் வந்த செயலி ஒரு யூனிட் மின்சாரத்தில் செய்யும் வேலையைப் போல் பல மடங்கை இன்றைய சிறு செயலிகள் செய்கின்றன.

#7 ஜாலஹள்ளி_வாசகி

கணக்கர் ஐயாவின் பெருக்கல் சரி. ஆனால் எதைப் பெருக்குகிறோம் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கணினி எப்படியும் இயங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போயிங்க்கின் உண்மையான செலவு, முழுச் சுமைக்கும் சும்மா இருக்கும் நிலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. சும்மா இருக்கும்போது 45 வாட், சுமையில் 100 வாட் என்றால் வித்தியாசம் 55. அதை நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் மாதம் 13 யூனிட்டைச் சற்றே தாண்டும். ஆகவே போயிங்க்குக்காக மட்டும் இரவு பகலாகக் கணினியை விட்டுவைக்காமல், குறித்த நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகவே அதில் நேர அட்டவணை இருக்கிறது.

பழைய வீட்டுக் கணினிகள் பயனற்றவை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. 2010இல் ஐன்ஸ்டீன் திட்டம் தன் முதல் ரேடியோ துடிவிண்மீனை, அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து கண்டுபிடித்தபோது, அதை முதலில் பிடித்துக் காட்டியவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜெர்மனியிலும் தன்னார்வலர்களிடம் இருந்த கணினிகள்தான்.

#8 கோரமங்களா_கணக்கர்

2010இல் அந்தக் கணினிகள் பழையவை அல்லவே, அம்மா. இப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். மெர்சென் பகா எண்களை (2இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண்கள்) தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் 2024 அக்டோபரில் கிடைத்த எண், 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது, வாடகை மேகக்கணினிகளில் இருந்த கிராஃபிக்ஸ் செயலிகளால் கண்டறியப்பட்டது. வீட்டு மேசைக்கணினிகளின் காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? குறைந்த மின்சாரத்தில் பங்களிக்க விரும்புவோர் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில்கூட போயிங்க்கை ஓட்டலாம். இயல்பு அமைப்பில் அது சார்ஜரில் இருக்கும்போது, பேட்டரி 90 விழுக்காட்டைத் தாண்டிய பிறகுதான் வேலை செய்யும்.

#9 ஜாலஹள்ளி_வாசகி

பகா எண்ணை நீங்களே எடுத்தது வசதியாயிற்று. கிம்ப்ஸின் எண்கள் மிகப் பெரியவை என்பதால் அங்கே கிராஃபிக்ஸ் செயலிகளுக்கு வாய்ப்பு. போயிங்க்கில் பகா எண் தேடும் திட்டமான பிரைம்கிரிட்டில் சிறிய எண்களைச் சோதிக்கும் கிளைத் திட்டங்கள் பல உள்ளன. அங்கே ஐ5-2400க்கு இன்னமும் இடம் உண்டு. இந்த இழையின் கேள்விக்கும் இது நேராகப் பொருந்துகிறது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பிரைம்கிரிட்டில் எல்எல்ஆர் என்னும் நிரல் செய்யும் பணிகள் மிகப் பெரிய எண்களை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்துகின்றன. அந்தப் பெருக்கலைச் செய்ய எஃப்எஃப்டி என்னும் உருமாற்ற முறையைக் கையாள்கின்றன. ஒரு பணிக்கு 640 கே நீளமுள்ள எஃப்எஃப்டி தேவை எனக் கொண்டால், ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் அதன் தரவு 5 எம்பி ஆகிறது. ஐ5-2400இன் மூன்றாம் நிலை கேஷ், அதாவது செயலிக்குள்ளேயே உள்ள வேகமான சிறு நினைவகம், 6 எம்பி. ஆக ஒரே ஒரு பணி என்றால் தரவு முழுவதும் செயலிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒவ்வொரு கோரிலும் ஒரு பணி வீதம் நான்கை ஓட்டினால் 20 எம்பி தேவைப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ரேமுக்குப் போய்வர நேரும். ஒற்றைத் தட ரேமில் அது எவ்வளவு இழுபறி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பிரைம்கிரிட்டின் தளத்தில், ஒரு பணிக்கு எத்தனை த்ரெட் (இணையாக ஓடும் கிளை) என்னும் விருப்பத்தை 4 என்று வைத்து, ஒரே பணியை நான்கு கோர்களும் பகிர்ந்து செய்யும்படி விடுங்கள். பணி விரைவில் முடிகிறது, கெடுவும் நெருக்குவதில்லை.

இன்னொன்று: உங்கள் செயலி, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை அறிந்த முதல் தலைமுறை, 2011ஆம் ஆண்டின் சாண்டி பிரிட்ஜ். எல்எல்ஆர் அவற்றை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கும் முந்திய கோர் 2 டுவோ வைத்திருப்பவருக்கு இதே அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். மருத்துவ ஆய்வுக்கே உதவ வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் கம்யூனிட்டி கிரிட்டோடு நின்றுவிடுங்கள்; அதுவும் இந்தக் கணினிக்கு ஏற்ற வேலைதான். ஐன்ஸ்டீனுக்கு வேண்டுமானால் இடம் கொடுங்கள், ரொசெட்டாவை 8 ஜிபி வந்த பிறகு யோசியுங்கள்.

#10 ஒயிட்ஃபீல்டு_இரவுப்பணி

செயலியோடு எதற்குப் போராட வேண்டும்? பழைய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றைச் சொருகினால் ஐன்ஸ்டீனில் நான்கு கோர்களும் சேர்ந்து செய்வதைவிட அதிகம் கிடைக்கும். செயலியோடு வரும் எச்டி 2000 கிராஃபிக்ஸ் இதற்கு உதவாது, கிராஃபிக்ஸில் கணக்கிட வேண்டிய ஓப்பன்சிஎல் வசதி அதில் இல்லை. ஜிடிஎக்ஸ் 750 டிஐ போன்ற அட்டை 60 வாட்டுக்குள் அடங்கும். பல மாதிரிகளுக்குத் தனி மின்கம்பியும் வேண்டாம்.

#11 எஸ்பி_ரோடு_வாடிக்கை

அட்டை நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு முன் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சரிபாருங்கள். அசெம்பிள் செய்த பழைய கணினிகளில் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்தான் பெரும்பாலும் இருக்கும். அதன் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும் காகிதத்தை நம்பி இரவெல்லாம் முழுச் சுமையில் விடக்கூடாது. கபாசிட்டர்கள் உப்பியிருந்தால் முதல் செலவு அங்கேதான். அட்டை, எஸ்எம்பிஎஸ் இரண்டும் சேர்ந்தால் கேட்டவரின் மூவாயிரம் தாண்டிவிடும்.

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், அதே 1155 சாக்கெட்டில் அமரும் ஐ7-2600ஐச் சிலர் சொல்வார்கள். நான்கு கோர், எட்டு த்ரெட். எட்டுப் பணிக்கு ரேமும் எட்டு மடங்காகப் பங்கு கேட்கும், விளைச்சலோ இரட்டிப்பாகாது. நான் அவசரப்பட மாட்டேன்.

#12 அல்சூர்_ஏரிக்கரை

அனைவருக்கும் நன்றி. ரேம் வாங்கிப் பொருத்திவிட்டேன். இரட்டைத் தடம் என்று, கணினியின் விவரங்களைத் தரும் சிபியு-இசட் மென்பொருள் காட்டுகிறது. தூசியும் பேஸ்ட்டும் முடிந்தன. செயலி நேரம் 100, ரொசெட்டா ஒன்று, மற்றவை மூன்று என்று ஓடுகின்றன. செயலி நேரமும் கழிந்த நேரமும் இப்போது சில நிமிட வித்தியாசத்தில் வருகின்றன. ஆனால் போயிங்க் காட்டும் சராசரி கிரெடிட் மட்டும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கிறது. அத்தோடு, எங்கள் பகுதியில் மின்தடை அடிக்கடி வருகிறது, யுபிஎஸ் கிடையாது. தடைக்குப் பிறகு சில பணிகள் பின்னோக்கிப் போய்த் தொடங்குகின்றன.

#13 பழைய_சிலிக்கான்

சராசரி கிரெடிட்டைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அது பழையதை மெல்ல மெல்ல மறக்கும் ஒரு சராசரி. அரைவாழ்வு ஒரு வாரம். இன்று செய்த மாற்றம் அதில் முழுதாகத் தெரியப் பல வாரங்கள் ஆகும். போதாக்குறைக்கு, நீங்கள் அனுப்பிய விடை வேறொருவர் அனுப்பும் விடையோடு ஒப்பிடப்படும் வரை பல திட்டங்கள் கிரெடிட் தருவதில்லை. அந்த இன்னொருவரின் கணினி எந்த ஊரில் எப்போது முடிக்கிறதோ அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். கிரெடிட்டின் அடிப்படை விதி, நொடிக்கு நூறு கோடிக் கணக்குகள் செய்யும் கணினிக்கு ஒரு நாளைக்கு 200 என்பதாகும். நடைமுறையில் ஒவ்வொரு திட்டமும் தன் போக்கில் வழங்குவதால், ஒரு திட்டத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. மாற்றத்தை அளக்க விரும்பினால், ஐன்ஸ்டீனில் ஒரே வகைப் பணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சரிபார்க்கப்பட்டவற்றின் கழிந்த நேரத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கெடு தவறுவதற்குக் காரணம், கணினி தின்னக்கூடியதைவிட அதிகப் பணிகளைச் சேமித்து வைத்திருப்பது. சேமிப்பை 0.1 நாள், கூடுதல் 0.1 நாள் என்று குறைத்துவிடுங்கள். நேர அட்டவணைப்படி சில மணி நேரமே ஓடும் கணினிக்கு இது இன்னும் முக்கியம். மூன்று திட்டங்களுக்கும் சம பங்கு தருவதை நிறுத்திவிட்டு, பிடித்த ஒன்றுக்கு 100, பதிலிக்கு 0 என்று பங்கு வையுங்கள். பங்கு 0 என்றால், முதல் திட்டத்தில் வேலை கிடைக்காதபோது மட்டும் மற்றதிலிருந்து பணி இறங்கும். திட்டங்களின் சர்வர்கள் சில நாள் ஓய்ந்திருப்பது சாதாரணம் என்பதால் ஒரு பதிலி இருப்பது நல்லது.

மின்தடை விஷயத்தில் இரண்டு பக்கம் பார்க்க வேண்டும். பணிகள் தாம் வந்த இடத்தை அவ்வப்போது டிஸ்க்கில் குறித்துவைக்கின்றன. அந்த இடைவெளியின் கீழ்வரம்பு இயல்பாக 60 நொடி. டிஸ்க்குக்கு ஓய்வு தரப் பலர் இதை 300, 600 என்று ஏற்றச் சொல்வார்கள். யுபிஎஸ் இல்லாத உங்கள் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம், 60 என்றே இருக்கட்டும். ஆனால் எந்த இடத்தில் குறித்துக்கொள்ளலாம் என்பதைப் பணியின் நிரலே தீர்மானிக்கிறது. ரொசெட்டாவில் ஒரு மாதிரி நீளமானதாக அமைந்துவிட்டால், குறிப்பு எழுதும் முன் மின்சாரம் போனால் அத்தனையும் போயிற்று. நீங்கள் சொல்லும் பின்னோட்டம் அதுவே. பணிப் பண்புகளிலேயே கடைசிக் குறிப்புக்குப் பிறகான செயலி நேரம் தெரியும். மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்புத் தடை நாட்களில் அதைப் பார்த்து, சிறிய எண்ணாக இருக்கும் நேரத்தில் கணினியை அணைத்துவிடலாம்.

#14 ஒயிட்ஃபீல்டு_இரவுப்பணி

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்காது. எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி என்பதால் இதை லேசாக விடாதீர்கள். லினக்ஸ் வகைகளான லுபுண்டு அல்லது டெபியனை (இலகுவான எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு) நிறுவினால் ரேமும் கணிசமாக மிஞ்சும், போயிங்க் அவற்றின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. குழந்தையின் பள்ளி வேலை பிரவுசரில் முடிகிறதென்றால் யோசிக்க வேண்டியதில்லை. மாறுவதற்கு முன் கையிலுள்ள பணிகளை முடித்து அனுப்பிவிட்டு, புதிய பணி வேண்டாம் என்பதை அழுத்திவிடுங்கள்.

#15 அல்சூர்_ஏரிக்கரை

லினக்ஸ் யோசனை பிடித்திருக்கிறது, பள்ளி விடுமுறையில் செய்கிறேன். மகள் பயன்படுத்தும்போது போயிங்க்கை முழுவதும் நிறுத்த வேண்டுமா? அது மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால் இடையூறு இராது என்று ஓரிடத்தில் படித்தேன்.

#16 ஜாலஹள்ளி_வாசகி

முன்னுரிமை என்பது செயலிக்கு மட்டும்தான். ரேமுக்கும் கேஷுக்கும் டிஸ்க்குக்கும் அந்த மரியாதை தெரியாது. உங்கள் கணினியில் நிறுத்துவதே மேல். கணினி பயன்பாட்டில் இருக்கும்போது நிறுத்து என்பதை இயக்கி, 3 நிமிடம் தொடாமல் இருந்தால் மீண்டும் தொடங்கட்டும் என்று வையுங்கள். 8 ஜிபி வந்துவிட்டதால் நிறுத்திய பணிகளை நினைவகத்தில் விடும் அமைப்பையும் இப்போது இயக்கலாம். அட்டவணையில் இரவு 10 முதல் காலை 6 வரை என்று குறித்தால் அறையின் சூடும் தொந்தரவாகாது. இரவுக் காற்று குளிர்ச்சியானது என்பது நம் ஊரில் செயலிக்குக் கிடைக்கும் இலவச உதவி.

#17 கோரமங்களா_கணக்கர்

எட்டு மணி நேரம் என்றால் என் எதிர்ப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் 45, 100 என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட எண்கள் ஊகங்களே. உங்கள் மீட்டரிலேயே உண்மையை அளந்துவிடலாம், தனிக் கருவி வாங்க வேண்டாம். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. ஃபிரிஜ், மின்விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் விடுங்கள். சிறு சிவப்பு விளக்கு பத்து முறை மின்ன எத்தனை நொடி என்று பார்த்துப் பத்தால் வகுங்கள். 36 லட்சத்தை அந்தத் துடிப்பு எண்ணாலும், கிடைத்த நொடியாலும் வகுத்தால் வருவது வாட். 3200 துடிப்பு மீட்டரில் ஒரு மின்னலுக்கு 11 நொடி என்றால் ஏறக்குறைய 102 வாட். மானிட்டரை அணைத்து, போயிங்க்கை நிறுத்திய நிலையில் ஒரு முறையும் ஓடும் நிலையில் ஒரு முறையும் எடுத்து, இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள். மேலே எழுதிய கிருஹ ஜோதிக் கணக்கை உங்கள் வீட்டுச் சராசரியை வைத்து மறுபடி போட்டுத் தருகிறேன்.